டொலர் இல்லாத நாட்டில் மின்சாரக் கார்

2022 மார்ச் முடியும்போது இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லை. பெற்றோல் செற்றுகளின் வரிசை அடுத்த சந்தியையும் தாண்டி நின்றது. வரிசையில் காத்திருந்த வயதானவர்கள் சிலர் நின்ற இடத்திலேயே விழுந்து இறந்தார்கள். வீட்டு வாசலில் ஒரு நிசான் லீஃப் வைத்திருந்தவரைப் பார்த்து அயலவர் பெருமூச்சு விட்ட காலம் அது. அவருக்கு வரிசை இல்லை என்பது உண்மைதான். ஆனால் கரன்ற் வரும் நேரம் பார்த்து, நடுச்சாமமானாலும் எழும்பி வண்டியைச் சார்ஜில் போட வேண்டிய நிலை அவருக்கு.

இரண்டு தட்டுப்பாட்டுக்கும் வேர் ஒன்றே. அணைகளில் நீர் குறைந்தபோது அனல் நிலையங்களை ஓட்ட எண்ணெய் வேண்டும். எண்ணெய் வாங்க டொலர் வேண்டும். டொலர் கையில் இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் நிறுத்திவைத்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூன் கடைசியில் 470 என்று ஏறியது. விலை ஏறியும் எண்ணெய் கிடைக்கவில்லை. ஜூன் 27 அன்று அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்றே அறிவித்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோர் வாயிலும் வரும் தீர்வு மின்சாரக் கார். எண்ணெய் விலை உலகத்தில் எங்கே ஏறினாலும் இந்தப் பேச்சும் கூடவே எழும்பும். கிலோமீற்றருக்கு எவ்வளவு செலவு என்ற ஒற்றைக் கேள்வியோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நெருக்கடியில் உள்ள நாடு அதைவிட முக்கியமான மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: வாங்கும் பணத்துக்கு வட்டி என்ன, காருக்குள் அடங்கியிருக்கும் டொலர் எவ்வளவு, அந்தக் கார் எந்த நேரத்து மின்சாரத்தைக் குடிக்கிறது? இவற்றைக் கேட்டால், இலங்கையில் மின்சாரத்துக்கு மாற வேண்டிய வாகனங்களின் வரிசையில் கார் கடைசியில்தான் வருகிறது என்பது என் முடிவு.

மின்சாரக் கார் இலங்கைக்குப் புதிதல்ல. நிசான் லீஃப் யப்பானில் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அங்கே ஓடிய பழைய லீஃப்கள் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. இறக்குமதி வரி தாழ்ந்திருந்த 2015ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரக்கணக்கில் வந்தன. அந்த ஆண்டு நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் வரியைத் திடீரென உயர்த்த, அலை அப்படியே அடங்கிப்போனது. தாழ்ந்த வரியை நம்பி சார்ஜ் நிலையம் போட்டவர்களும், மின்சாரக் கார் திருத்தப் பழகிய மெக்கானிக்குகளும் நடுவழியில் நின்றார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. ஆக, 2022இல் நாடே மின்சாரக் காரைப் பற்றிப் பேசியபோது ஒன்றைக்கூட இலகுவாக இறக்க முடியாத நிலை. இருந்தவை பெரும்பாலும் அந்தப் பழைய லீஃப்கள்தான்.

அந்த லீஃபைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. முதலில் வந்த லீஃபின் பற்றரி 24 கிலோவாற் மணி. அதைக் குளிர்விக்கத் திரவச் சுற்று எதுவும் கிடையாது. பெட்டியைச் சுற்றியுள்ள காற்றுத்தான் எல்லாம். யப்பானின் குளிருக்கு அது போதும். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்து உரிமையாளர்கள் 2012இலேயே பற்றரி வேகமாகத் தேய்கிறது என்று முறையிடத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் காரின் முகப்புத் திரையில், பற்றரியின் கொள்ளளவைக் காட்ட 12 சிறு கோடுகள் இருக்கும். முதல் கோடு மறைந்தால் கொள்ளளவில் ஏறத்தாழ 15 சதவீதம் போய்விட்டது என்று பொருள்; அதன் பிறகு மறையும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆறு சதவீதம் சொச்சம். எட்டுக் கோடு மிஞ்சிய வண்டியில் மூன்றில் இரண்டு பங்குதான் உயிர். அமெரிக்க அரசின் அளவீட்டில் புதிய லீஃப் ஒரு சார்ஜில் 117 கிலோமீற்றர் ஓடியது. எட்டுக் கோட்டு லீஃப் 75 ஓடினால் பெரிய காரியம். கொழும்பிலிருந்து கண்டிக்கு 115 கிலோமீற்றர், அதிலும் கடுகண்ணாவ ஏற்றம். யாழ்ப்பாணத்தை நினைக்கவே வேண்டாம். எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு வாகனம் வாங்கிப் பழகியவர்கள், லீஃப் வாங்கப் போனால் திரையைப் போட்டுக் கோடுகளை எண்ணுகிறார்கள்.

இனி வீட்டுக் கணக்கு. எண்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் மாறும், அளவு பிடிபடுவதற்காகச் சொல்கிறேன். சாதாரண பெற்றோல் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் என்று கொள்வோம். 470 ரூபாவில் கிலோமீற்றருக்கு 39 ரூபா. மின்சாரக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஓர் அலகில் 6 கிலோமீற்றர் ஓடும். அலகு 75 ரூபா என்றாலும் கிலோமீற்றருக்கு பன்னிரண்டரை ரூபாதான். ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடினால் மிச்சம் மூன்று இலட்சத்து இருபதாயிரம். பெற்றோல் 300 ரூபாவுக்கு இறங்கினால் அந்த மிச்சம் ஒன்றரை இலட்சம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்சாரக் காரின் விலை பெற்றோல் காரைவிட 20 இலட்சம் கூட என்றும், அந்த 20 இலட்சமும் லீசிங்கில் வருகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கி 2022 ஏப்ரல் 8ஆம் திகதி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அரசாங்கமே தன் திறைசேரி உண்டியல்களுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. தனி ஆளுக்கு 25 சதவீதத்தில் கடன் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அந்த வட்டியில் 20 இலட்சத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் கட்ட வேண்டும். பெற்றோல் அதன் உச்ச விலையில் நின்றாலும் மிச்சம் வட்டிக்குப் போதாது.

மின்சாரக் காரை ஆதரித்து எழுதுகிறவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது. நெருக்கடி எரிபொருள் விலையை மட்டும் தனியாக உயர்த்துவதில்லை, வட்டியையும் கூடவே உயர்த்துகிறது. மின்சாரக் காரின் செலவில் பெரும்பகுதி வாங்கும் நாளிலேயே முடிந்துவிடுவதால், வட்டி ஏறினால் அதிகம் அடிபடுவதும் அதுதான். பெற்றோல் கார்க்காரர் ஓட்டத்தைக் குறைத்துச் செலவைக் குறைக்கலாம். மின்சாரக் காருக்குத் தவணை கட்டுகிறவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

மின் கட்டணமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில் அது சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். மின்சார சபை நட்டத்தில் விற்கக் கூடாது என்பது சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளில் ஒன்று; இரண்டாவது உயர்வுக்கு அடுத்த மாதமே, மார்ச் 20 அன்று, ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு நிதியம் ஒப்புதல் கொடுத்தது. பிறகு கட்டணம் இறங்கியது, மீண்டும் ஏறியது, மீண்டும் இறங்கியது. பல ஆண்டுத் தவணை போட்டு வாகனம் வாங்குகிறவர் எந்த எண்ணை வைத்துக் கணக்குப் பார்ப்பது?

வீட்டுக் கணக்கு இப்படியென்றால் நாட்டின் கணக்கு இன்னும் சிக்கல். 2021இல் எரிபொருள் இறக்குமதிக்கு இலங்கை செலவிட்டது ஏறத்தாழ 370 கோடி டொலர். அடுத்த ஆண்டு குறைவாக எரித்தும் செலவு 490 கோடி வரை போனது. நம் உதாரணத்துப் பெற்றோல் கார் ஆண்டுக்குக் குடிப்பது 1,000 லீற்றர். லீற்றரின் இறக்குமதி விலையை 70 அமெரிக்க சதம் என்று கொண்டால் 700 டொலர். ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காரை ஓரங்கட்டிவிட்டு, 20,000 டொலருக்கு ஒரு மின்சாரக் காரை இறக்கினால் என்ன ஆகும்? ஏறக்குறைய 28 ஆண்டுப் பெற்றோலுக்கான டொலரை நாடு ஒரே நாளில் துறைமுகத்தில் கொடுத்துவிடுகிறது. எப்படியும் புதிதாக ஒரு கார் வாங்கப் போகிறவர் பெற்றோலுக்குப் பதில் மின்சாரத்தைத் தெரிவுசெய்தால் நிலைமை வேறு. விலை வித்தியாசத்தை மட்டுமே கணக்கில் எடுக்கலாம், அது பத்துப் பன்னிரண்டு ஆண்டில் தீரும். ஆனால் கஜானாவில் ஒரு கப்பல் எண்ணெய்க்கே டொலர் இல்லாத நாட்டுக்குப் பத்தாண்டு என்பது நெடுங்காலம்.

இதை அரசாங்கமும் விளங்கித்தான் இருந்தது. வங்கி வழியாகப் பணம் அனுப்பும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, அனுப்பிய தொகையைப் பொறுத்து மின்சார வாகனம் இறக்கும் அனுமதியை 2022இல் அறிவித்தார்கள். வங்கிக்கு வெளியே உண்டியல் முறையில் போகும் டொலரை வங்கிக்கு இழுப்பதற்கான ஆசைகாட்டல் அது. போக்குவரத்துக் கொள்கை என்று அதற்குப் பெயர் சூட்டியது கொஞ்சம் அதிகப்படி.

அப்படியானால் நேபாளத்தில் மட்டும் மின்சாரக் காருக்கு மாறுவது எப்படிச் சாத்தியமானது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015 ஏப்ரலில் நிலநடுக்கம். செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு வந்ததும் இந்திய எல்லை அடைபட்டு, அடுத்த ஆண்டு பெப்ரவரி வரை பெற்றோலும் சமையல் எரிவாயுவும் ஒழுங்காக வரவில்லை. அந்த அனுபவம் மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. என்றாலும் அதற்காகவே மக்கள் மின்சாரக் காருக்கு ஓடிவிடவில்லை; அப்போது அங்கே நாளில் பாதிக்கும் மேலான நேரம் மின்வெட்டு. 2016இல் மின்சார சபையின் பொறுப்பை ஏற்ற குல்மான் கீசிங் விநியோகத்தை ஒழுங்குபடுத்தி மின்வெட்டைக் குறைத்தார். 2021இல் 456 மெகாவாற் மேல் தாமாகோசி நீர்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சி இந்தியாவுக்கு விற்கும் நிலை வந்தது. அந்த மின்சாரத்தில் எண்ணெய் இல்லை, நிலக்கரி இல்லை, இமயத்து ஆறுதான். அதோடு, பெற்றோல் காருக்கு அங்கே வரிகளே காரின் விலையைத் தாண்டும். மின்சாரக் காருக்கு வரி அதில் சிறு பங்கு. விளைவு, 2023–24 நிதியாண்டில் நேபாளம் இறக்கிய கார், ஜீப், வேன்களில் பத்துக்கு ஏழு மின்சாரத்தில் ஓடுபவை. நேபாளமும் 2020இல் மின்சாரக் காருக்கு வரியை உயர்த்தித் தடுமாறியதுதான். ஒரே ஆண்டில் அதைத் திருத்திக்கொண்டது. இலங்கை 2015இல் செய்ததை அத்தனை விரைவாகத் திருத்தவில்லை.

காத்மாண்டுத் தெருக்களில் 1990களிலிருந்தே சஃபா டெம்போ என்ற மின்சார மூன்றுசக்கர வண்டி ஓடுகிறது, பெண்கள் பலர் அதன் சாரதிகள். அங்கே மாற்றம் பணக்காரர் கராஜில் தொடங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தியோப்பியா இன்னும் கடுமையான வழியை எடுத்தது. 2023 டிசம்பரில் கடன் பத்திர வட்டியைக் கட்டத் தவறிய அந்த நாடு, அடுத்த மாதமே பெற்றோல், டீசல் கார் இறக்குமதியைத் தடைசெய்தது. எரிபொருளுக்கு அந்நியச் செலாவணி இல்லை என்பதையே காரணமாகச் சொன்னார்கள். நீல நைலில் 5,150 மெகாவாற் அணை எழும்பியது அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. ஆனால் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீட்டில் இன்னும் மின்சாரமே இல்லாத நாட்டில், அந்தத் தைரியம் யாருக்காக என்ற கேள்வி மிஞ்சுகிறது.

இலங்கையின் மின்சாரம் நேபாளத்தினது போன்றதல்ல. நல்ல மழை பெய்த ஆண்டில் பாதியளவு நீரிலும் காற்றிலும் வெயிலிலும் வரும். மீதி நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரியும் களனிதிஸ்ஸ போன்ற எண்ணெய் நிலையங்களும். மாலை ஆறரைக்குப் பிறகு வீடுகளில் விளக்கும் தொலைக்காட்சியும் ஏறும் நேரத்தில் எண்ணெய் நிலையங்கள் கைகொடுக்க வேண்டும். வேலையால் வந்து மாலை ஏழு மணிக்குக் காரைச் சார்ஜில் போடுகிறவர் ஆண்டுக்கு எடுக்கும் 2,000 அலகையும் டீசலில் உற்பத்திசெய்தால், அலகுக்குக் கால் லீற்றர் கணக்கில் 500 லீற்றர் எரியும். ஆயிரம் லீற்றர் பெற்றோலை மிச்சம் பிடித்ததாக அவர் நினைக்கிறார். நாடு மிச்சம் பிடித்தது அதில் பாதிதான்.

மத்தியானத்தின் கதை நேர்மாறு. கூரைச் சூரியத்தகடுகள் நாடளாவிய அளவில் 1,000 மெகாவாற்றைக் கடந்துவிட்டன. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்தது. குரங்கின் பங்கு எதுவாயினும், தொழிற்சாலைகள் மூடிய வெயில் நாளில் தேவை குறைவாகவும் சூரிய மின்சாரம் கூடுதலாகவும் இருந்ததால் மின்வலையால் அந்த அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை என்பது பொறியியலாளர்கள் எடுத்துச்சொன்ன விடயம். இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே வீட்டுக்காரர்களிடம் கேட்டது. அதற்கு மூன்று ஆண்டுக்கு முன் 13 மணிநேரம் இருட்டில் கிடந்த நாட்டில் அப்போது மத்தியானத்து மின்சாரத்துக்கு எடுப்பார் இல்லை.

மின்சார வாகனத்துக்கு இலங்கையில் உண்மையான நியாயம் இந்த மத்தியானத்தில்தான் இருக்கிறது. ஆனால் நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டம், இரவு பத்தரையிலிருந்து காலை ஐந்தரை வரையான நேரத்தையே மலிவு நேரமாக வைத்துப் பழகியது. பெரும்பாலும் அணைகளையும் அனல் நிலையங்களையும் நம்பியிருந்த காலத்து ஏற்பாடு அது.

காற்றாலை இரவிலும் சுழலும் என்பார்கள். மன்னார்த் தீவில் மின்சார சபையின் 103.5 மெகாவாற் தம்பபவனி ஏற்கெனவே நிற்கிறது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் போட வந்த அதானி குழுமம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. விலைத் தகராறு ஒரு பக்கம். வலசைப் பறவைகளின் பாதை, கரைவலைப்பாடுகள், மழைநீர் வடிந்தோட வழியில்லாமை என்று மன்னார் மக்கள் எழுப்பிய முறைப்பாடுகள் மறுபக்கம். கொழும்பில் புகையில்லாமல் ஓடும் காருக்கான விலையில் ஒரு பங்கை அந்தத் தீவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை மறைத்துக் கணக்குப் போடக் கூடாது.

காரை விட்டுவிட்டு ஓட்டோவைப் பார்ப்போம். இலங்கையில் பதிவான முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்துக்கும் மேல். 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்றால் அது 125 கிலோமீற்றர், நன்றாக ஓடுகிற சாரதிக்கு ஒரு நாள் ஓட்டம். மீதி ஆறு நாளும் அடுப்பு எரிய வேண்டுமே. ஓட்டோ ஆண்டுக்கு 30,000 கிலோமீற்றர் ஓடும். வீட்டுக் காரைப்போல் இரண்டரை மடங்கு. அதற்கு வேண்டிய பற்றரியோ கார்ப் பற்றரியில் சிறு பங்குதான். பெற்றோல் 470இல் கிலோமீற்றருக்குப் பத்தொன்பது ரூபா அளவில் போகும் செலவு மின்சாரத்தில் ஆறுக்கு இறங்கும்; ஆண்டு மிச்சம் மூன்றே முக்கால் இலட்சத்தைத் தாண்டும். பெற்றோல் 300 ஆனாலும் ஒன்றே முக்கால் இலட்சத்துக்குக் குறையாது. காருக்குத் தீராத வட்டிக் கணக்கு இங்கே தீருகிறது. இருக்கிற பெற்றோல் வண்டியின் எஞ்சினைக் கழற்றி மோட்டாரும் பற்றரியும் பூட்டும் முன்னோட்டத்தை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் செய்து பார்த்தது. புதிய வண்டி இறக்காததால் டொலர் செலவும் பற்றரியோடு அடங்கிவிடுகிறது.

இருப்பதை மாற்றியமைப்பது வடக்குக்குப் புதிய வித்தையுமல்ல. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர், ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை எழுப்ப மட்டும் சில துளி பெற்றோல், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குக் குழாயைத் திருப்ப வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். புகையும் எஞ்சின் தேய்மானமும் கொஞ்சநஞ்சமல்ல, அதை வீரக்கதையாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நெருக்கடியில் மக்கள் புதிய இயந்திரம் வாங்குவதில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பஸ் இன்னொன்று. நாளுக்கு 200 கிலோமீற்றர் ஓடும் பஸ் 50 லீற்றர் டீசல் குடிக்கும். ஆண்டுக்கு அது குறைந்தது பதினைந்து வீட்டுக் கார்களின் எரிபொருள். ஒரு மின்சார பஸ்ஸின் விலை அதிகம்தான். ஆனால் அதில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கார் வாங்கவே முடியாதவர்கள்.

மீனவருக்கு இந்தப் பேச்சில் இதுவரை இடமே கிடைக்கவில்லை. வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340க்குப் போனது. அந்தப் படகுகளுக்கு மின்சார மாற்று இன்னும் கைக்கெட்டவில்லை. எரிசக்தி மானியம் கொடுக்கக் கொஞ்சம் பணம் இருக்குமானால் அது முதலில் போக வேண்டிய இடம் கரைதான், கார் வாங்குகிறவருக்கான வரிச்சலுகை அல்ல.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. மின்சாரக் காருக்கான வரியை மோட்டாரின் கிலோவாற்றைப் பார்த்து அறவிடுகிறார்கள். ஆகவே துறைமுகத்தில் நடந்த பெரிய வழக்காடல், ஒரு மோட்டார் 100 கிலோவாற்றா 150 கிலோவாற்றா என்பதாக இருந்தது. நூற்றுக்கணக்கான கார்கள் அந்தக் கேள்வியில் தடுபட்டு நின்றன. பற்றரி எவ்வளவு பெரியது, எந்த நேரத்தில் சார்ஜ் ஏறும், ஆண்டுக்கு எத்தனை பேரைச் சுமக்கும் என்பவை வரி அட்டவணையில் எங்கும் இல்லை.

காலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட ஓட்டோக்கள், பள்ளி விடும் ஒன்றரை மணி வரை பெரும்பாலும் ஸ்ராண்டில் சும்மா நிற்கின்றன. கூரைத் தகடுகளை நிறுத்திவைக்கச் சொன்னது இதே பகல் நேரத்தில்தான். ஒவ்வொரு ஸ்ராண்டிலும் நாலு பிளக்கும் ஒரு மீற்றரும் போட்டு, பகல் அலகுக்கு இரவைவிட மலிவான விலை வைக்கப் புதிய அணை தேவையில்லை, வெளிநாட்டுக் கடனும் தேவையில்லை. கம்பத்திலிருந்து ஸ்ராண்டுக்குக் கம்பி இழுக்கும் செலவு பிரதேச சபையுடையதா மின்சார சபையுடையதா என்பதை அவர்கள் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.